நாலு தெருவில் இல்லாதவள்

ஒரு கணிப்பொறிக்குள் ஓர் ஊர் இருந்தது. மயிலாடுதுறையில் ஒரு கல்லூரி, அதில் ஒரு கணிப்பொறி ஆய்வகம், அங்கே ஜன்னல் ஓரமாகக் கடைசி மேசை. அந்த மேசைமேல் இருந்த பெட்டிக்குள்தான் ஊர். வெளியே இருப்பவர்களுக்கு அது ஒரு பழைய பெட்டி. உள்ளே இருப்பவர்களுக்கோ தெரு, வாசல், வம்பு எல்லாம் அதுதான்.

அந்த ஊரில் எல்லோரும் வேலைக்காரர்கள். ஆளுக்கு ஒரு வேலை. காட்டி என்பவன் கோப்பைப் பிரித்துத் திரையில் காட்டுவான். நகலி ஒன்றை இரண்டாக்குவாள். தேடி எதையாவது தேடிக்கொண்டே இருப்பான். ஆனால் யாரும் தானாக வெளியே வரக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. விசைப்பலகையில் ஒரு பெயரைத் தட்டினால், அழைப்பான் என்ற ஆள் ஓடிவந்து அந்தப் பெயருக்கு உரியவரின் கதவைத் தட்டுவான். அப்புறம்தான் வெளியே வரலாம், வேலை செய்யலாம்.

அழைப்பான் நல்லவன். கண்மூடித் திறப்பதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிடுவான். ஆனால் அவன் கையில் ஒரு சீட்டு உண்டு. அதில் நாலு தெருவின் பெயர் இருக்கும்: பெரிய தெரு, பயனர் தெரு, உள்ளூர்த் தெரு, நிர்வாகத் தெரு. பெயருக்குப் பெயர் நடுவே ஒரு முக்காற்புள்ளி. அந்த நாலையும் வரிசையாகப் பார்ப்பான். ஆள் இருந்தால் கூட்டிப்போவான். இல்லாவிட்டால் திரைக்குப் போய், "அப்படி யாரும் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். "நான் பார்த்த நாலு தெருவில் இல்லை" என்றல்லவா சொல்ல வேண்டும்? சொல்ல மாட்டான். அவ்வளவு நீளமாகப் பேச அவனுக்கு ஏது பொறுமை?

எல்லா ஊருக்கும் இருப்பதுபோல அந்த ஊருக்கும் ஒரு விரிவாக்க நகர் இருந்தது. பெயர்தான் நகர். மொத்தம் ரெண்டு வீடு. அதில் ஒரு வீட்டில் இருந்தவள் உருமாற்றி.

அவள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இப்போது தமிழில் எதை அனுப்பினாலும் தமிழாகவே போய்ச் சேருகிறது. இருபது வருடத்துக்கு முன்னால் அப்படியில்லை. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒருவர் ஆசையாகக் கடிதம் எழுதி அனுப்புவார். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது குச்சியும் கொக்கியுமாகப் போய் விழும். அந்தக் குச்சியையும் கொக்கியையும் பார்த்து, இது அ, இது ண் என்று பிரித்துப் படித்து நல்ல தமிழில் திருப்பி எழுதத் தெரிந்தவள் அந்த ஊரிலேயே உருமாற்றி ஒருத்திதான்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு பேராசிரியர் அவளை ஊருக்குக் கூட்டிவந்தார். விரிவாக்க நகரில் வீடு கொடுத்தார். அழைப்பானுக்குத் தான் கொடுக்கும் சொந்தச் சீட்டில் மட்டும் அந்தத் தெருவை எழுதிக்கொண்டு, "நாளைக்கு வந்து கூப்பிடறேன்" என்று போனார். மறுநாள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவரோடு அவர் சீட்டும் போயிற்று.

அன்றிலிருந்து உருமாற்றி கதவுக்குப் பின்னால் தயாராக நின்றாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு வருடம். விசைப்பலகையின் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். காட்டியைக் கூப்பிடுவதும் நகலியைக் கூப்பிடுவதும் அவள் காதில் விழும். பெரிய தெருவில் கதவுகள் திறந்து மூடும் சத்தமும் விழும். தன் பெயர் மட்டும் விழவில்லை. அவளுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. யாராவது ஒரு தடவை கூப்பிட வேண்டும். எதையாவது கொடுத்து, "இதைப் படிச்சுச் சொல்லு" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

எதிர் வீட்டில் சதுரங்கம் இருந்தான். அவனையும் யாரும் கூப்பிட்டதில்லை. தனக்குத் தானே காய் நகர்த்திக்கொண்டு, இரண்டு பக்கமும் தானே ஜெயித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தான்.

"எதுக்கு இப்படி வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிற? உள்ள போய் உக்காரு" என்பான்.

"உக்காந்திருக்கறப்ப கூப்பிட்டாங்கன்னா?"

"எட்டு வருஷமா கூப்பிடாதவங்க நீ உக்காந்த நேரம் பாத்துதான் கூப்பிடப் போறாங்களா?"

"கூப்பிட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

சதுரங்கத்துக்கு அது தெரியாது. ஆகவே குதிரையை நகர்த்தினான்.

அந்த வாரம் ஆய்வகத்துக் கணிப்பொறிகளில் எல்லாம் ஓர் அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதியது போடப்போகிறார்கள், வேண்டியதை எடுத்துவைத்துக்கொள்ளவும். ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. காட்டியும் நகலியும் எந்தப் புது ஊரிலும் பிறந்துவிடுவார்கள். அவர்கள் இல்லாமல் ஊரே கிடையாது. உருமாற்றிக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒரு முறைகூடக் கூப்பிடாமலே அழித்துவிடுவார்களோ என்று அவளுக்கு அழுகை வந்தது.

இப்போது வெளியே இருக்கும் மனிதரிடம் வருவோம்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர் வைத்திலிங்கம். ஐம்பத்திரண்டு வயது. தனி ஆள். அவருக்கு அபயா என்று ஒரு தங்கை இருந்தாள். அபயாம்பாள் என்று ஊர் அம்மன் பெயர் வைத்து, அபயா என்று கூப்பிட்டு வளர்த்த தங்கை. அவள் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றபோது, "போனா போனதுதான், இந்தப் பக்கம் வராத" என்று வைத்திலிங்கம் சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னது. அவள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு விசாகப்பட்டினம் போய்விட்டாள்.

போன ஒரு வருடத்தில் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வைத்திலிங்கம் கடைவீதி இன்டர்நெட் மையத்துக்கு ஓடிப்போய்த் திறந்தார். தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை. முதல் வரி இப்படி இருந்தது:

«ñ½¡

பக்கம் முழுக்க இதே மாதிரிதான். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வைரஸ் சார், மூடிடுங்க" என்றார். வைத்திலிங்கம் மூடவில்லை. அச்செடுத்துக்கொண்டார். கடிதத்தை ஒரு கோப்பாகவும் சேமித்துவைத்தார். பதில் போடலாம்தான். ஆனால் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் என்ன பதில் போடுவது? திட்டியிருந்தால்? பிறகு எழுதலாம், பிறகு எழுதலாம் என்று இருந்தார். அவளும் அப்புறம் எழுதவில்லை.

இருபது வருடமாக ஆய்வகத்தில் கணிப்பொறி மாறும்போதெல்லாம் அந்தக் கோப்பையும் புதியதற்குத் தூக்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த முதல் வரி அவருக்கு மனப்பாடம். இரண்டு வளைந்த கோடு, தலையில் அலை போட்ட ஒரு எழுத்து, ஒரு அரை, தலைகீழாக நிற்கும் ஒரு ஆச்சரியக்குறி.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கணிப்பொறித் துறை நிலோஃபர் மேடம் ஸ்டேப்ளர் தேடிக்கொண்டு அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பழுத்துப்போன அந்த அச்சுத் தாள் கையில் வந்தது.

"என்ன சார் இது, பழைய ஃபான்ட்ல எழுதின லெட்டரா?"

"லெட்டரா? கெட்டுப்போன மெயில் மேடம். வைரஸ்."

"யாரு சொன்னா வைரஸ்னு? இது தமிழ் சார். நல்ல தமிழ். அந்த ஃபான்ட் இல்லாததால இப்படித் தெரியுது. இத மாத்திக் குடுக்க உருமாற்றின்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு. குடுங்க, நானே மாத்தித் தரேன்."

வைத்திலிங்கம் தாளை வாங்கி மடித்துக்கொண்டார். "நானே பாத்துக்கறேன் மேடம்" என்றார். அதில் தங்கை என்ன திட்டியிருக்கிறாளோ, அதை இன்னொருவர் முதலில் படிக்க வேண்டாம் என்று அவருக்கு இருந்தது.

மேடம் வகுப்புக்குப் போனார். வைத்திலிங்கம் அந்தக் கோப்பு இருந்த கடைசி மேசைக் கணிப்பொறி முன் உட்கார்ந்து, உருமாற்றி என்று தட்டினார்.

விரிவாக்க நகரில் உருமாற்றி நிமிர்ந்தாள். தன் பெயர்தானா? தன் பெயர்தான். எட்டு வருடத்தில் முதல் தடவை.

"கேட்டுச்சா?" என்று கத்தினாள்.

"கேட்டுச்சு" என்றான் சதுரங்கம். அவன் குரலே ஒரு மாதிரி இருந்தது.

உருமாற்றி கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அழைப்பான் ஓடும் சத்தம் கேட்டது. பெரிய தெரு, பயனர் தெரு, உள்ளூர்த் தெரு, நிர்வாகத் தெரு. அதோடு சத்தம் நின்றது. திரையில், "அப்படி யாரும் இல்லை" என்று அவன் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"நான் இருக்கேன்!" என்று உருமாற்றி கூவினாள். "இங்க இருக்கேன்! யோவ் அழைப்பான்!"

அழைப்பான் திரும்பிவரும் வழியில் நின்று காது கொடுத்தான். "யாரும்மா அது?"

"நீ இல்லைன்னு சொல்லிட்டு வந்தியே, அவதான்."

"நீ சீட்டுல இல்லாத தெருவுல இருக்கியேம்மா."

"நாலு தெருவுல பாத்துட்டு ஊருலயே இல்லைன்னு சொல்லுவியா?"

"எனக்கு ஊருன்னா நாலு தெருதான்" என்றான் அழைப்பான். திமிராகச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான்.

வெளியே வைத்திலிங்கம், சரி, இல்லையென்றால் வரவழைத்துவிடுவோம் என்று நினைத்தார். குடிவைக்கிற மணியக்காரரைக் கூப்பிட்டு, உருமாற்றியை ஊரில் குடிவைக்கச் சொன்னார். மணியக்காரர் பதிவேட்டைப் புரட்டினார். "உருமாற்றி ஏற்கெனவே இங்கே குடியிருக்கிறாள். செய்ய ஒன்றும் இல்லை" என்று எழுதிக் காட்டிவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

வைத்திலிங்கத்துக்குத் தலை சுற்றியது. ஒருவன் இல்லை என்கிறான், ஒருவர் இருக்கிறாள் என்கிறார். மறுபடி உருமாற்றி என்று தட்டினார். யாரும் இல்லை. குடிவைக்கச் சொன்னார். இருக்கிறாள். இப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ளே உருமாற்றி கதவில் கை வைத்தாள், ஒவ்வொரு தடவையும் கையை எடுத்தாள். கூப்பிடாமலே இருந்த எட்டு வருடத்தைவிட இந்தக் கால் மணி நேரம் அவளுக்குக் கொடுமையாக இருந்தது.

கடைசியில் வைத்திலிங்கம் தேடியைக் கூப்பிட்டார். தேடி பயனர் தெருக்காரன்தான். ஆனால் ஊர் முழுக்கச் சுற்றுபவன். சீட்டெல்லாம் அவனுக்குக் கிடையாது. வீடு வீடாகத் தட்டிக்கொண்டு விரிவாக்க நகருக்கும் வந்துவிட்டான்.

"உருமாற்றி வீடு இதானா?"

"இதான்! வாங்க, போவோம்!"

"நான் கூட்டிட்டுப் போறவன் இல்லம்மா. விலாசம் எழுதிட்டுப் போறவன்." எழுதிக்கொண்டு அடுத்த வீட்டைத் தட்டப் போய்விட்டான்.

போகட்டும், விலாசமாவது போகிறதே என்று உருமாற்றி நினைத்தாள். ஆனால் ஊரில் பூட்டிய கதவுகள் ஏராளம். ஒவ்வொரு பூட்டிய கதவும் "அனுமதி இல்லை" என்று திரையில் ஒரு வரி கத்தியது. நூறு, இருநூறு வரி. அதன் நடுவே உருமாற்றியின் ஒரே ஒரு வரி மேலே தள்ளப்பட்டுக் காணாமல் போயிற்று. வைத்திலிங்கம் கடைசியில் நின்ற வரிகளை மட்டும் பார்த்தார். அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை.

"சரி, விதி அவ்ளோதான்" என்று சொல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகும் வழியில் நிலோஃபர் மேடம் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், படிச்சிட்டீங்களா?"

"இருக்குங்குது, இல்லைங்குது மேடம். கூப்பிட்டா வரல."

மேடம் நின்றபடியே திரையை மேலே நகர்த்திக்கொண்டு போனார். வெகு தூரம் போனார். "இதோ பாருங்க, இருக்கு. விரிவாக்க நகர்ல இருக்கு." கணிப்பொறியின் உள்ளே இருக்கும் இடங்களை அவர் வகுப்பிலும் தெரு, நகர் என்றுதான் சொல்லிக்கொடுப்பார். "கூப்பிடறவன் நாலு தெருவுல பாத்துட்டு இல்லைன்னு சொல்றான் சார். அவன் இல்லைன்னா, அந்த நாலு தெருவுல இல்லைன்னு அர்த்தம். சீட்டுல இந்தத் தெருவையும் எழுதிவிடுங்க, வந்துடும்."

மணி அடித்தது. மேடம் ஓடினார்.

வைத்திலிங்கம் சீட்டை எடுத்தார். இந்தத் தெருவை எழுத வேண்டும், அவ்வளவுதானே? எழுதினார். நல்ல அழகாக, விரிவாக்க நகர் என்று எழுதினார். பழைய நாலு தெருவையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதும், நடுவில் ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. அழைப்பானின் கையில் இப்போது ஒரே ஒரு தெரு இருந்தது.

பிறகு உருமாற்றியின் பெயரைத் தட்டி, தங்கையின் கோப்பையும் கொடுத்தார்.

அழைப்பான் சீட்டைப் பார்த்தான். தெரியாத தெரு. போனான். விரிவாக்க நகரில் அவன் கால் படுவது அதுவே முதல் தடவை. கதவைத் தட்டினான்.

உருமாற்றியால் உடனே திறக்க முடியவில்லை.

"திறம்மா" என்றான் அழைப்பான். "உன்னத்தான் கூப்பிடறாங்க."

அவள் வெளியே வந்தாள். எதிர் வீட்டுச் சதுரங்கம் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

கடிதம் அவள் கைக்கு வந்தது. குச்சியும் கொக்கியுமாகப் பக்கம் முழுக்க. மற்றவர்களுக்கு அது குப்பை. அவளுக்கு அது ஒரு பெண்ணின் குரல். முதல் வரியைப் படித்தாள். வளைந்த கோடு, அ. அலை போட்டது, ண். அந்த அரை, ண. தலைகீழ் ஆச்சரியக்குறி, கால். அண்ணா. இருபது வருடமாக அந்தத் தாளில் முதல் வார்த்தையே அண்ணா என்றுதான் இருந்தது. உருமாற்றி கடைசி வரி வரை படித்து, ஒரு எழுத்து பிசகாமல் எழுதி, புதுக் கோப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். எழுதியதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. கோப்பைத் திறந்து காட்டுவது காட்டியின் வேலை.

வைத்திலிங்கம் காட்டி என்று தட்டினார்.

அழைப்பான் சீட்டைப் பார்த்தான். விரிவாக்க நகருக்கு வந்தான். இரண்டு வீட்டையும் பார்த்தான். காட்டி இல்லை. திரைக்குப் போய், "அப்படி யாரும் இல்லை" என்றான்.

பெரிய தெருவில் காட்டி அதிர்ந்துபோனான். ஊர் உண்டான நாளிலிருந்து அவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. "யாருடா இல்ல? நான் இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!" என்று கதவை உதைத்தான். வைத்திலிங்கம் நகலியைக் கூப்பிட்டார். இல்லை. தேடியைக் கூப்பிட்டார். அவனும் இல்லை. நாலு தெருவிலும் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரே கூச்சல். இருக்கேன், இருக்கேன், இருக்கேன்.

"இப்பத் தெரியுதா?" என்று சதுரங்கம் சிரித்தான்.

உருமாற்றிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த அழைப்பானை நிறுத்தினாள். "காட்டி வீடு உனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு நூறு தடவை போன வீடு. போய்க் கூட்டிட்டு வாயேன். அந்தக் கடிதம் அவர் கண்ணுல படணும்."

"தெரியும்மா" என்றான் அழைப்பான். "கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். தெரிஞ்சு என்ன செய்ய? சீட்டுல இல்ல."

எட்டு வருடம் அவன்மேல் வைத்திருந்த கோபம் அவளுக்கு அப்போதுதான் போனது. பாவம், அவனையும் யாரோ நாலு தெருவுக்குள் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

வெளியே வைத்திலிங்கம் பெயர் பெயராகத் தட்டிப் பார்த்தார். எதைத் தட்டினாலும் இல்லை. ஊரையே அழித்துவிட்டோம், அதோடு அபயாவின் கடிதத்தையும் அழித்துவிட்டோம் என்று அவர் முடிவே செய்துவிட்டார். இருபது வருடம் பத்திரமாகத் தூக்கி வந்ததை இன்று தன் கையாலேயே தொலைத்தாயிற்று. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கடைசியாக ஒரு தடவை உருமாற்றி என்று மட்டும் தட்டிப் பார்த்தார்.

அவள் ஒருத்திதான் வந்தாள். "எந்தக் கோப்பு?" என்று கேட்டாள். அவளால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

மணி அடித்து நிலோஃபர் மேடம் வந்தபோது வைத்திலிங்கத்தின் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன சார், புதுத் தெருவை எழுதச் சொன்னா, பழைய தெருவையெல்லாம் அழிச்சிட்டீங்களே!"

"போச்சா மேடம்?"

"எங்க போகும்? எல்லாரும் அவங்கவங்க வீட்டுலதான் இருக்காங்க. கூப்பிடறவனுக்கு வழி மறந்துபோச்சு, அவ்ளோதான்."

திரையில் திறந்திருந்த சாளரத்தை மூடி வேறொன்றைத் திறந்தார். அழைப்பானுக்குப் பழைய சீட்டு திரும்பக் கிடைத்தது. மேடம் நாலு தெருவுக்கும் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி வைத்து, விரிவாக்க நகர் என்று சேர்த்தார். "நீங்க படிங்க சார்" என்று சொல்லிவிட்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காட்டி வந்தான். உருமாற்றி எழுதிவைத்த கோப்பை எடுக்கும்போது விரிவாக்க நகர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "எட்டு வருஷமா இப்படியாம்மா இருந்த?" என்றான். பதிலுக்கு நிற்காமல் கடிதத்தைத் திரையில் விரித்தான்.

அண்ணா,

நீ என்மேல கோவமா இருப்ப. இருக்கட்டும். நானும்தான் இருந்தேன், இப்ப இல்ல. அடுத்த மாசம் பதினாலாம் தேதி நாங்க ராமேஸ்வரம் போறோம். ரயில் நம்ம ஊர் வழியாத்தான் போகுது. காலைல வரும், கொஞ்ச நேரம் நிக்கும். நான் கதவுகிட்ட நிப்பேன். நீ பிளாட்பாரத்துல நின்னா நான் இறங்கிடுவேன். அவரும் இறங்கலாம்னு சொல்லிட்டார். நீ இல்லன்னா, எனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சுக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன். நீ வருவ.

அபயா

கீழே விசாகப்பட்டினத்தில் ஒரு தெரு, ஒரு கதவு எண், ஒரு தொலைபேசி எண்.

வைத்திலிங்கம் மூன்று தடவை படித்தார். அந்தப் பதினாலாம் தேதி காலையில் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், இதே ஊரில்தான் இருந்திருப்பார். அவள் கதவருகே நின்று ஒரே ஒரு பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டு, அண்ணன் இல்லை என்று போயிருக்கிறாள். அவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, தங்கை ஒன்றும் சொல்லவில்லை என்று இருந்துவிட்டார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜன்னல் பக்கம் நின்றிருந்த மேடம் திரும்பவில்லை.

உள்ளே ஊர் அமைதியாக இருந்தது. வேலை எதுவும் இல்லாத நேரத்தில் அழைப்பான் விரிவாக்க நகர் வரைக்கும் வந்தான். உருமாற்றி வாசலில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வருடத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை ஊரையே அழிக்கறாங்களாமே" என்றான் அழைப்பான்.

"தெரியும்."

"புது ஊர்ல உன்னக் குடிவைப்பாங்களோ என்னவோ."

"வைக்கலாம், வைக்காமலும் போகலாம்" என்றாள் உருமாற்றி. "நீ வந்து கதவைத் தட்டினியே, அந்தச் சத்தம் எனக்குப் போதும்." பிறகு, "அந்த அண்ணன் போவாரா?" என்று கேட்டாள்.

"அது எந்தத் தெருவுக்கோ" என்றான் அழைப்பான். "என் சீட்டுல இல்ல."

வெளியே வைத்திலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தின் கீழே இருந்த எண்ணைச் செல்பேசியில் அழுத்தினார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். நிலோஃபர் மேடமும் பக்கத்தில் வந்து நின்றார். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பெண் குரல், பதிவு செய்த குரல், நிதானமாகச் சொன்னது: நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.

மேடத்துக்குச் சங்கடமாக இருந்தது. "இல்லைங்குது சார்" என்றார்.

வைத்திலிங்கம் அந்தத் தெருவையும் கதவு எண்ணையும் பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எத்தன தெருவுல பாத்துட்டு இல்லைங்கறாளாம்?" என்று கேட்டுவிட்டு ரயிலடிக்குக் கிளம்பினார்.